மணியோசை எட்டாத செவிக்கும் வழி காட்டுவோம்

(தோட்ட மக்களிடையே நிகழ்த்தப்பெற்ற உரை)



மருத்துவமனையில் தீ மூண்டால், காது கேளாதவரும், கண் தெரியாதவரும், படுக்கையைவிட்டு எழ இயலாதவரும் அச்செய்தியை எவ்வாறு அறிவர், எவ்வாறு வெளியேறுவர் என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளாகும். 'பால்மரம் வெட்டும் நமக்கு இது எதற்கு? அது மருத்துவர்களும் தாதியரும் கவனிக்க வேண்டிய காரியமாயிற்றே' என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால், நம் தோட்டத்தில் வயது முதிர்ந்த தாய் தந்தையர் இல்லாத வீடு உண்டா? பக்கவாதத்தால் ஒரு கையும் காலும் விழுந்துவிட்ட பெரியவர் இல்லாத லயம் உண்டா? நீரிழிவு நோயால் காலை இழந்தவர், கண் மங்கியவர் நம்மிடையே எத்தனை பேர்! அவர்களெல்லாம் ஆண்டில் ஒருமுறையேனும் மாவட்ட மருத்துவமனையின் வார்டில் படுக்க நேர்கிறது. ஆகவே இது நம் வீட்டுக் காரியமேயாகும்.

முற்காலத்தில், விடியுமுன் பெரட்டுக்கு ஆள் கூட்டுவதற்காகத் தோட்டங்களில் மணி அடிப்பார்கள். அவ்வோசையைக் கேட்டவுடன், 'எழ வேண்டும், முகம் கழுவ வேண்டும், பெரட்டுக் களத்துக்குப் போக வேண்டும்' என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். எவரும் விளக்கம் கேட்டதில்லை. மணி என்பது ஓசை மட்டுமன்று. அது ஒரு செய்தி. அச்செய்தி பயன்பட மூன்று வேண்டும். முதலாவது, ஓசை காதில் விழ வேண்டும். இரண்டாவது, அதன் பொருள் விளங்க வேண்டும். மூன்றாவது, பொருள் விளங்கியவர்க்கு அதன்படி நடக்க உடலில் வலு வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் மணி அடித்தது வீணேயாகும்.

இவ்வுண்மையை நாம் நூலில் படித்து அறிந்தோமில்லை. நம் தவற்றின் வாயிலாகவே அறிந்தோம். தகவல் பணிக்கு வருமுன் நாம் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராய்ப் பணியாற்றினோம். நம் வகுப்பில் செவிப்புலன் மிகக் குறைந்த சிறுவன் ஒருவன் இருந்தான். இடைவேளை மணி அடித்தால் பக்கத்தில் இருக்கும் தோழன் எழுவதைப் பார்த்துத் தானும் எழுவான். பிறர் நகைத்தால் தானும் நகைப்பான். அவன் கேட்கிறான் என்றே நாம் பல நாள் எண்ணியிருந்தோம். ஒருநாள் பள்ளியில் தீப்பயிற்சி நடந்தது. மணி அடித்தது, மாணவர்கள் வரிசையாய்த் திடலுக்குச் சென்றனர். பெயர் கூப்பிட்டபோது ஒருவன் குறைந்தான். அன்று அவனுடைய தோழன் பள்ளிக்கு வரவில்லை. நாம் ஓடிச்சென்று பார்த்தபோது, அச்சிறுவன் கழிவறையிலிருந்து திரும்பி, ஆளில்லாத வகுப்பறையில் தன் இடத்தில் அமர்ந்து, எல்லாரும் எங்கே போனார்கள் என்று அறியாமல் வாசலையே நோக்கிக்கொண்டிருந்தான். அன்று நடந்தது பயிற்சி, உண்மைத் தீயன்று. இருப்பினும் அந்தப் பார்வை இன்றும் நம் நெஞ்சைவிட்டு அகலவில்லை. குற்றம் அவன் செவியில் இல்லை. மணி அடித்தால் போதும் என்று எண்ணிய நம்மிடமே இருந்தது.

தோழர்களே! பள்ளித் திடலில் பிழைத்துப்போன இத்தகைய குறை, மருத்துவமனையில் உயிரைப் பறித்துவிடும். 2016 ஆம் ஆண்டு அக்டோபர் 25 ஆம் நாள், செவ்வாய்க்கிழமை காலை, ஜொகூர் பாருவிலுள்ள சுல்தானா அமினா மருத்துவமனையின் தீவிரக் கண்காணிப்புப் பிரிவில் தீ மூண்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தீபாவளிக்கு நான்கே நாள் இருந்தது. அத்தீயில் 6 நோயாளிகள் உயிரிழந்தனர். தீவிரக் கண்காணிப்புப் பிரிவிலே படுத்திருப்பவர் தாமாக எழுந்து ஓட இயலாதவர். பலர் மூச்சுவிடுவதற்கே கருவியை நம்பியிருப்பவர். தீயைக் கண்டாலும் கூவ இயலாது. மணியைக் கேட்டாலும் அசைய இயலாது. அத்துயர நிகழ்வை ஆராய, மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி டத்தோ முகமட் ஹிஷாமுடின் யூனுஸ் தலைமையில் விசாரணைக் குழு அமைக்கப்பெற்றது. அதன் அறிக்கை 2020 ஆம் ஆண்டில் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிடப்பெற்றது.

அதற்கு முன்னர், 2011 ஆம் ஆண்டு டிசம்பர் 9 ஆம் நாள் விடியற்காலையில், இந்தியாவின் கொல்கத்தா நகரில் ஒரு தனியார் மருத்துவமனையின் அடித்தளத்தில் தீ மூண்டது. உயிரிழந்தோர் ஏறத்தாழ 90 பேர். அவர்களில் பெரும்பாலோரைத் தீ தொடவே இல்லை. கீழே எழுந்த புகை மேல்மாடிகளுக்கு ஏறி, உறங்கிக்கொண்டிருந்த நோயாளிகளை மூச்சுத் திணறச் செய்து மாய்த்தது. தீயைவிடப் புகை விரைந்து செல்லும் என்பதை இதனால் அறிகிறோம். உறங்குபவர்க்கும் கேளாதவர்க்கும் செய்தி சென்று சேருமுன் புகை சென்று சேர்ந்துவிடுகிறது. ஆகையால், செய்தி சேரும் வழியைத் தீ மூளுமுன்பே அமைத்துவைத்தல் வேண்டும்.

இனி, மருத்துவமனையில் தீ மூண்டால் என்ன நடக்கும் என்பதைச் சற்று விளக்குவோம். பள்ளியிலும் தொழிற்சாலையிலும் மணி அடித்தால் அனைவரும் ஒரே முறையாகத் திடலுக்கு ஓடிவிடுவர். மருத்துவமனையில் அவ்வாறு செய்ய இயலாது. அறுவைச் சிகிச்சை மேசையில் கிடப்பவரும், உயிர்வளிக் குழாய் பூட்டப்பெற்றவரும் உடனே படியிறங்குவது எங்ஙனம்? ஆதலால் பெரிய மருத்துவமனைகள் பல பகுதிகளாகப் பிரித்துக் கட்டப்படுகின்றன. ஒரு பகுதிக்கும் மறு பகுதிக்கும் இடையே தீயைத் தாங்கி நிற்கும் சுவரும், தானே மூடிக்கொள்ளும் கனமான கதவும் இருக்கும். தீ ஒரு பகுதியில் மூண்டால், அங்குள்ளோரை முதலில் அதே மாடியில், அந்தக் கதவுக்கு அப்பாலுள்ள பகுதிக்கு நகர்த்துவர். அங்கும் ஆபத்து நெருங்கினால்தான் படிவழியே கீழே இறக்குவர்.

பெரிய கட்டடங்கள் பலவற்றில் மணியும் இருவகையாக ஒலிக்கும். விட்டுவிட்டு ஒலித்தால், 'எச்சரிக்கையாய் இருங்கள், ஆயத்தமாகுங்கள்' என்று பொருள். இடைவிடாது ஒலித்தால், 'வெளியேறுங்கள்' என்று பொருள். நீங்கள் செல்லும் மருத்துவமனையில் எந்த ஓசைக்கு என்ன பொருள் என்பதைத் தாதியரிடம் கேட்டறிவது நலம். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

தாதியரை 'மிஸி' என்று அன்போடு அழைப்பது நம் மக்களின் வழக்கம். அந்த மிஸி இரவு நேரத்தில் பல படுக்கைகளைக் கவனிக்கிறார். பணிமுறை மாறும்போது புதியவர் வருவார். நம் தந்தையார்க்கு வலக்காது கேளாது என்பதோ, நம் அன்னையார்க்குத் தமிழைத் தவிர வேறு மொழி தெரியாது என்பதோ நாம் சொன்னாலன்றி அவர்க்கு எவ்வாறு தெரியும்? ஆபத்து வந்தபின் சொல்ல நேரம் இராது. ஆகவே, நோயாளியை வார்டில் சேர்க்கும் அன்றே சொல்லிவிட வேண்டும். இன்றைய உரையில் நீங்கள் மனத்தில் பதிக்க வேண்டிய முதன்மையான கருத்து இதுவே.

என்ன சொல்ல வேண்டும் என்பதை ஒவ்வொன்றாய்க் காண்போம்.

முதலாவதாக, காது கேளாதவர். இவர்க்கு மணியும் ஒலிபெருக்கி அறிவிப்பும் பயன்படா. சில கட்டடங்களில் மணியோடு விட்டுவிட்டு ஒளிரும் விளக்கும் பொருத்தியிருப்பார்கள். அது அவர் படுக்கையிலிருந்து தெரிகிறதா என்று பார்த்து, தெரியாவிடில் வேறு படுக்கை கிடைக்குமா என்று கேட்கலாம். 'இவரை எழுப்பத் தோளைத் தொடுங்கள். இரவில் விளக்கைப் போட்டுப் போட்டு அணையுங்கள்' என்று தாதியரிடம் கூறுங்கள். உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்பவர்க்கு, பேசுபவரின் முகக்கவசம் பெருந்தடையாகும் என்பதையும் நினைவூட்டுங்கள். தீ என்பதற்கும், வெளியேறு என்பதற்கும், இங்கேயே இரு என்பதற்கும் மூன்று கைச்சாடைகளை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளலாம். காதில் பொருத்தும் கருவியை இரவில் கழற்றினால் கைக்கு எட்டும் இடத்தில் வைக்க வேண்டும்.

இரண்டாவதாக, கண் பார்வையற்றவர். இவர்க்கு மணி கேட்கும். எத்திசையில் போவது என்பதுதான் தெரியாது. வார்டில் சேர்ந்த நாளிலேயே, அவரைக் கைப்பிடித்து வாயில்வரை ஒருமுறை நடத்திச் செல்லுங்கள். 'படுக்கையிலிருந்து இடப்பக்கம், நான்கு படுக்கை தாண்டினால் கதவு' என்று அவர் கையும் காலும் அறியட்டும். ஆபத்து வேளையில் அவரைப் பின்னாலிருந்து தள்ளவும் கூடாது, முன்னாலிருந்து இழுக்கவும் கூடாது. உங்கள் பெயரைச் சொல்லி, உங்கள் முழங்கைக்கு மேலே அவரைப் பற்றிக்கொள்ளச் செய்து, நீங்கள் அரை அடி முன்னே நடக்க வேண்டும். 'இப்போது கதவு, இப்போது படி, கீழே இறங்குகிறோம்' என்று வாயால் சொல்லிக்கொண்டே செல்ல வேண்டும்.

மூன்றாவதாக, நடக்க இயலாதவர். தீ வேளையில் மின்தூக்கியைப் பயன்படுத்தலாகாது. மின்சாரம் நின்றால் அது நடுவழியில் நின்றுவிடும், புகையும் அதற்குள் புகும். ஆகவே சக்கர நாற்காலியில் இருப்பவரை யார், எவ்வழியாக, எதனைக்கொண்டு இறக்குவர் என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும். படிவழி இறக்குவதற்கென வார்ப்பட்டை கொண்ட தனி நாற்காலிகளும், மெத்தையோடு சேர்த்துக் கட்டி இழுத்துச் செல்லும் விரிப்புகளும் உள்ளன. அவற்றைக் கையாளப் பயிற்சி வேண்டும். உறவினர் பதறிப்போய்த் தாமே தூக்க முற்பட்டால், குழாய் பிடுங்கிக்கொள்ளும். எலும்பு முறிந்தவர்க்கு மேலும் முறியும். தாதியர் சொல்லும் பக்கத்தில் நின்று, சொல்லும்போது பிடித்து, சொல்லும்போது தூக்குவதே உதவியாகும். ஒரு மாற்றுத்திறனாளிக்கு எப்படித் தூக்கினால் வலிக்காது என்பதை அவரைவிட நன்கறிந்தவர் எவருமிலர். ஆதலால் அவரையும் ஒரு சொல் கேட்டல் வேண்டும்.

நான்காவதாக, பேச இயலாதவரும், மறதி நோயுற்றவரும், அறிவு வளர்ச்சி குன்றியோரும். பக்கவாதத்தால் பேச்சிழந்த பலர்க்கு நாம் சொல்வதெல்லாம் விளங்கும். விடை சொல்லத்தான் நா எழாது. கையை ஒருமுறை அழுத்தினால் 'ஆம்', இருமுறை அழுத்தினால் 'இல்லை' என்று பழக்கி, அதனைத் தாதியர்க்கும் தெரிவியுங்கள். மறதி நோயுள்ள முதியவரிடம் நீண்ட விளக்கம் கூறிப் பயனில்லை. 'அப்பா, வாங்க, போவோம்' என்று பழகிய குரலில் சிறுசொல்லாகச் சொன்னால் உடன் வருவார். சில பிள்ளைகள் மணியோசைக்கே அஞ்சிக் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் புகுந்துகொள்வார்கள். அத்தகைய பிள்ளை இருப்பின், 'இவனைக் காணோமென்றால் முதலில் கட்டிலுக்கடியில் பாருங்கள்' என்று சொல்லி வைப்பது ஓர் உயிரைக் காக்கும்.

ஐந்தாவதாக, மொழி தெரியாதவர். இது குறையன்று; எனினும் ஆபத்து வேளையில் குறையாகவே முடியும். மருத்துவமனை அறிவிப்புகள் பெரும்பாலும் தேசிய மொழியிலேயே வரும். பச்சை நிறப் பலகையில் 'கெலுவார்' என்று எழுதியிருந்தால் அது வெளியேறும் வழி. 'கெபாகாரான்' என்றால் தீ விபத்து. 'தெம்பாட் பெர்கும்புல்' என்றால் வெளியே சென்று அனைவரும் கூட வேண்டிய இடம். 'தோலோங்' என்று கூவினால் உதவி வரும். இந்த நான்கையும் நம் வீட்டுப் பெரியவர்கட்குப் பிள்ளைகள் இன்றிரவே சொல்லிக் கொடுக்கலாம்.

இவற்றையெல்லாம் நினைவில் வைத்திருப்பது தாதியர்க்கு எளிதன்று. ஆகையால் ஒரு சிறு அட்டை எழுதுங்கள். நோயாளியால் கேட்க இயலுமா, பார்க்க இயலுமா, நடக்க இயலுமா, பேச இயலுமா, எந்த மொழி விளங்கும் என்னும் ஐந்து வினாக்களுக்கு விடை அதில் இருந்தால் போதும். தேசிய மொழியில் பெரிய எழுத்தில் எழுதப் பள்ளி செல்லும் பிள்ளையையோ, தோட்டத்துக் கிராணியாரையோ கேட்கலாம். தாதியரின் இசைவு பெற்று அதனைப் படுக்கையின் தலைமாட்டில் மாட்டுங்கள். செலவு ஏதுமில்லை, கால் மணி நேரப் பணியே.

நோயாளியைக் காணச் செல்லும் நமக்கும் சில கடமைகள் உண்டு. தீத்தடுப்புக் கதவு கனமாக இருக்கிறதென்று அதற்கு நாற்காலியை முட்டுக்கொடுத்துத் திறந்துவைக்கலாகாது; புகையைத் தடுப்பதே அந்தக் கதவின் வேலை. பாயும் பையும் சோற்றுக்கூடையும் நடைவழியை அடைக்கலாகாது. அவ்வழியாகத்தான் படுக்கைகள் உருண்டு வர வேண்டும். நோயாளிக்காக வேண்டிக்கொள்வது நம் மரபு. திருநீறு பூசுங்கள், மனமாரத் தொழுங்கள். ஆனால் உயிர்வளி ஓடும் வார்டில் கற்பூரமோ ஊதுவத்தியோ ஏற்றாதீர்கள். உயிர்வளி மிகுந்த இடத்தில் சிறு பொறியும் பெருந்தீயாகும்.

தீயையோ புகையையோ முதலில் காண்பவர் நீங்களாக இருந்தால், உடனே தாதியரிடம் சொல்லுங்கள். சுவரிலுள்ள சிவப்புப் பெட்டியின் கண்ணாடியை உடைத்து மணியை ஒலிக்கச் செய்யுங்கள். 999 எண்ணுக்கு அழைக்க நேர்ந்தால், மருத்துவமனையின் பெயர், கட்டடம், மாடி, வார்டு ஆகியவற்றைச் சொல்லி, 'இங்கே நடக்க இயலாதவர்கள் இருக்கிறார்கள்' என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வெளியே வந்தபின், கூடுமிடத்தில் ஆள் கணக்கெடுக்கும்போது, எவரேனும் உள்ளே தங்கிவிட்டார் என்று தெரிந்தால் தீயணைப்பு வீரரிடம் அவர் எங்கே இருக்கிறார், மணி கேட்குமா, கூப்பிட்டால் விடை தருவாரா என்பதைக் கூறுங்கள். புகைக்குள் தேடுகின்ற வீரர் பெயர் சொல்லிக் கூவுவார். காது கேளாதவர் விடை தராதபோது, அங்கே ஆளில்லை என்று அவர் எண்ணிவிடலாகாதன்றோ? நீங்களே மீண்டும் உள்ளே ஓடாதீர்கள்.

இவையனைத்தையும் கேட்பது பிறரிடம் சலுகை கேட்பதாகும் என்று எவரும் எண்ண வேண்டா. நம் நாட்டில் 2008 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் நடப்பிலுள்ளது. ஆபத்து வேளையில் மற்றவர்களைப்போன்றே உதவி பெறும் உரிமை மாற்றுத்திறனாளிகளுக்கு உண்டு என்று அச்சட்டம் கூறுகிறது. மலேசியச் சைகை மொழியைக் காது கேளாதோரின் அதிகாரத்துவ மொழியாகவும் அது ஏற்றுள்ளது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகளின் ஒப்பந்தத்தை மலேசியா 2010 ஆம் ஆண்டில் உறுதிப்படுத்தியது. அதன் 11 ஆவது விதியும் ஆபத்துக் காலப் பாதுகாப்பையே வற்புறுத்துகிறது. ஆயினும், சட்டம் ஏட்டில் இருக்கும்; நோயாளி கட்டிலில் இருப்பார். இரண்டையும் இணைப்பது நாம் திறந்து சொல்லும் சொல்லேயாகும்.

நம் வீட்டில் மாற்றுத்திறனாளி எவரேனும் இருந்து இன்னும் பதிவு பெறாமலிருந்தால், சமூக நல இலாகாவில் பதிந்து ஓ.கே.யு. அட்டையைப் பெற்றுக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் சேர்க்கும்போது அவ்வட்டையைக் காட்டினால், விளக்கம் எளிதாகும். 'ஊரார் அறிந்துவிடுவார்களே' என்று மறைக்கும் பழக்கம் நம் மக்களிடையே இன்னும் முற்றாக நீங்கவில்லை. மறைத்துவைத்த குறை, தீயின்முன் மறைந்து நிற்காது. அறிவித்த குறைக்கோ பத்துக் கைகள் துணைக்கு வரும்.

தோழர்களே! நாம் குறிப்பிட்ட அந்தச் சிறுவனுக்குப் பிற்பாடு ஓர் ஏற்பாடு செய்தோம். ஒரு தோழன் வராவிடில் மற்றொருவன், அவனும் வராவிடில் ஆசிரியர் என்று மூவரை முறைவைத்தோம். அடுத்த பயிற்சியில் மணி அடித்தபோது, ஒருவன் அவன் தோளைத் தொட்டான், அவன் எழுந்தான், இருவரும் கைகோத்துத் திடலுக்கு வந்து வரிசையில் நின்றனர். பெயர் கூப்பிட்டபோது ஒருவரும் குறையவில்லை. எந்திரம் ஏதும் வாங்கவில்லை. பணம் ஏதும் செலவழிக்கவில்லை. யார் யாரைத் தொடுவது என்பதை முன்னரே பேசிக்கொண்டோம்; அவ்வளவே.

உங்கள் வீட்டிலிருந்து ஒருவர் மருத்துவமனைக்குச் செல்லும்போது, மாற்றுடை எடுத்து வைப்பீர்கள். வெந்நீர்க் குடுவை எடுத்து வைப்பீர்கள். அவற்றோடு அந்தச் சிறு அட்டையையும் எடுத்து வையுங்கள். மணி அடிக்கும் நாள் ஒருபோதும் வராதிருக்கட்டும். வந்துவிட்டாலோ, அவ்வோசை எட்டாத செவிக்கும் செய்தி எட்டட்டும். எழ இயலாத உடலுக்கும் கை எட்டட்டும்.